சித்திக்குப் பொருந்தும், சித்தப்பாவுக்குப் பொருந்தாது

லினக்ஸ் பற்றி நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. "அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குப்பா. வீட்ல சும்மா யூஸ் பண்றவங்களுக்கு விண்டோஸ்தான் சரி." திண்டிவனத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார், சென்னையில் மென்பொருள் கம்பெனியில் கைநிறைய வாங்கும் என் வகுப்புத் தோழனும் இதைத்தான் சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னதாலேயே பல வருடம் நானும் நம்பினேன். இப்போது நம்பவில்லை. விஷயம் நேர் தலைகீழ் என்கிறேன். வீட்டில் சும்மா யூஸ் பண்கிறவர்களுக்குத்தான் லினக்ஸ் கச்சிதம். அது பொருந்தாமல் போவது, கணினியை வைத்து அரிசி வாங்குகிற சின்னக் கடைக்காரர்களுக்கு. இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளாத வரைக்கும் லினக்ஸ் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் வருடக்கணக்காகக் காற்றில்தான் கத்தி வீசிக்கொண்டிருப்பார்கள்.

கதையை 2012இல் தொடங்க வேண்டும். சென்னையைத் தாண்டினால் கரண்ட் இருக்கும் நேரத்தை விட இல்லாத நேரம் அதிகமாக இருந்த வருடம். எந்த மணிக்குப் போகும், எந்த மணிக்கு வரும் என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தோம். அந்த இருட்டுக்குள் வந்து சேர்ந்தது அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். எங்கள் பள்ளிக்கு என் பிளஸ் டூ வருடத்தில் வந்தது. எங்கள் தெருவில் அதற்கு முன் எந்த வீட்டிலும் கணினி கிடையாது. ஆயா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். திருநீறு கீபோர்டுக்குள் போய்விடும் என்று நான்தான் கையைப் பிடித்தேன்.

அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று 'பாஸ்', அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக்கில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட லினக்ஸ். உள்ளே இருப்பது டெபியன். இந்திய மொழிகளில் இயங்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேப்டாப் கொடுத்த நாளில் கையெழுத்து வாங்கினார்கள், வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான். 'பாஸ்' என்று வந்ததைப் பார்த்து அது ஏதோ கலைஞர் ஆட்சி, அம்மா ஆட்சி மாதிரி கட்சி விவகாரம் என்று நினைத்தவன் எங்கள் வகுப்பில் இருந்தான்.

வாங்கி ஒரு வாரத்துக்குள் நான் என்ன செய்தேன்? "டேய், அதுல வைஸ் சிட்டி ஓடாதுடா" என்று ஒருத்தன் சொன்னான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன். முன்னூறு ரூபாய். அண்ணன் ஒரு சிடியைப் போட்டார், டீ குடித்துவிட்டு வந்தார், முடிந்தது. பாஸ் போயிற்று. கூடவே அரசு காசு கொடுத்து வாங்கியிருந்த அசல் விண்டோஸும் போயிற்று! அதற்குப் பதிலாகக் கள்ள விண்டோஸ் ஒன்று, 'அல்டிமேட்' என்ற கம்பீரமான பெயரோடு. அசலைக் கொடுத்துவிட்டுப் போலியை முன்னூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன். நான் மட்டுமல்ல. எங்கள் வகுப்பில் மாற்றாதவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

இப்போது கேட்கிறேன். விண்டோஸ் 'எளிது' என்று சொல்கிறோமே, அந்த எளிமை எங்கே இருந்தது? திரையில் இருந்ததா, அந்த அண்ணன் கடையில் இருந்ததா? விண்டோஸ் கெட்டுப்போனால் முன்னூறு ரூபாய். வைரஸ் வந்தால் முன்னூறு ரூபாய். பாட்டு கேட்கவில்லை என்றாலும் முன்னூறு ரூபாய். தெருமுனையில் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு அது தெரியும். இதைத்தான் நாம் எளிது என்று அழைக்கிறோம். டிவிஎஸ் எக்ஸெல் வண்டி நம் ஊரில் ஏன் எளிது? புளியமரத்தடியில் மெக்கானிக் இருக்கிறார். லினக்ஸுக்கு அந்தப் புளியமரம் இல்லை. அது லினக்ஸின் குணக்குறை கிடையாது, ஊரின் ஏற்பாட்டுக் குறை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் எல்லா விவாதமும் பாழாகிறது.

சரி, கடைக்கு வருவோம். என் சித்தப்பா திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று, பத்திர எழுத்தர்கள் கொடுத்தனுப்பும் நகல், ஆவணியில் கல்யாணப் பத்திரிகை, எல்லா மாதமும் கண்ணீர் அஞ்சலி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். தமிழ் டைப்ரைட்டர் அமைப்பில் அவர் விரல் ஓடும் வேகத்தைப் பார்க்கவே மனு எழுத வருபவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

2019இல் ஒரு காலை அவர் போன் செய்தார். "தம்பி, ஃபைல் எதுவும் தொறக்க மாட்டுது. எல்லாத்துக்கும் வால் மொளைச்சிருக்கு." போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம். 980 டாலர் கொடுத்தால் திறந்து தருகிறோம், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். கிட்டத்தட்ட முப்பத்தைந்தாயிரம் ரூபாய். ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்பட்ட பணயத் தீநிரல் அது. உலகம் முழுக்க வீட்டுக்காரர்களையும் சின்னக் கடைக்காரர்களையும் குறிவைத்துப் பரவியது, பெரும்பாலும் திருட்டு மென்பொருளின் பூட்டை உடைக்கும் 'கிராக்', 'ஆக்டிவேட்டர்' இவற்றுக்குள் ஒளிந்துகொண்டு. அந்த ஆக்டிவேட்டர்கள் முதலில் என்ன சொல்லும் தெரியுமா? 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு என்னை இயக்கு.' நாமும் அணைப்போம். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, நாயையும் கட்டிப் போடுகிற வேலை.

சித்தப்பா பணம் கட்டவில்லை. பதினோரு வருட வேலை போயிற்று. ஒரு பழைய பென் டிரைவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அப்போது எனக்கு லினக்ஸ் பித்து உச்சத்தில் இருந்தது. கல்லூரிக் காலத்தில் விழுப்புரம் போய்வரும்போது பிடித்துக்கொண்டது. விழுப்புரத்தில் 2013 முதல் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த மாதிரிக் குழு பெங்களூரில் இருந்தால் ஆச்சரியமில்லை, விழுப்புரத்தில் இருக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஊர்ப் பெருமை உண்டு. என் பித்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. நான் யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனவன். "சித்தப்பா, இனிமே வைரஸே வராது பாருங்க" என்று சொல்லி, கடைக் கணினியைத் துடைத்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் தாங்கியது.

முதல் பிரச்சினை எழுத்து. அவருடைய கோப்புகள், பத்திர எழுத்தர்கள் அனுப்புகிற கோப்புகள், எல்லாமே வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில். யூனிகோடு கிடையாது. அதாவது உள்ளே இருப்பது உண்மையில் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஏற்பாடு. எழுத்துருவைக் கொண்டுபோய் லினக்ஸில் வைத்தேன், பழைய கோப்பு படிக்கும்படி திறந்தது. லினக்ஸில் தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகை இருக்கிறதா? இருக்கிறது, அவர் விரலுக்கு ஏற்ற அமைப்புதான். ஆனால் அதில் அடித்தால் வருவது யூனிகோடு. பழைய மனுவைத் திறந்து பெயரை மட்டும் மாற்ற நினைத்தால், பழையது ஒரு குறியீடு, புதியது இன்னொரு குறியீடு. எழுத்துருவை மாற்றினால் ஒன்று தெரியும், மற்றது பேய் எழுத்தாகும். ஒரு நாளைக்கு நாற்பது மனு அடிக்கும் கடையில் இதை உட்கார்ந்து விளக்க முடியுமா? வாசலில் ஒரு பெரியவர் முதியோர் பென்ஷன் மனுவுக்காக நிற்கிறார். நான் அவருக்கு யூனிகோடு வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் அரசுக்கும் பங்குண்டு. 2010இல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், யூனிகோடுதான் இனி தமிழுக்கு நியமம் என்று அரசாணை வந்தது. ஆணை வந்தது சரி, தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் டைப்பிங் கடைக்கு யார் வந்து சொன்னது?

அடுத்தது பேஜ்மேக்கர். அடோபி நிறுவனம் அதன் கடைசிப் பதிப்பை வெளியிட்டது 2001இல். அதற்குப் பிறகு பிறந்தவர்களின் கல்யாணப் பத்திரிகையே இப்போது அதில்தான் தயாராகிறது. லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் என்று படித்திருந்தேன். திறந்தது. திறந்த லட்சணத்தைப் பார்த்து சித்தப்பா, "மாப்பிள்ளை பேரு பொண்ணு வீட்டாரு பக்கம் போயிட்டாரேப்பா" என்றார். கடைசி அடி பிரிண்டர். அவரிடம் இருந்த குட்டி லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் ஓட்டி கிடைத்தது, இரண்டு பக்கம் அடித்துவிட்டு மூன்றாவதில் நிற்கும். நான் டெர்மினலைத் திறந்து ஏதேதோ கட்டளை கொடுத்தேன். பதினோராவது நாள் கடைக்குப் போனால் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

"பாத்தியா, அதான் சொன்னோம்ல!" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். கதையின் மறுபாதி சித்தி.

கடையில் தோற்ற வெறியில், வீட்டில் பரணில் கிடந்த என் பழைய அரசு லேப்டாப்பை எடுத்து, கொஞ்சம் நினைவகம் கூட்டி, மின்ட் போட்டு சித்தியிடம் கொடுத்தேன். சித்தி பத்தாவது வரை படித்தவர். "கம்ப்யூட்டர்" என்றாலே சித்தப்பா கடை நினைவுக்கு வந்து முகம் சுளிப்பவர். அவருக்கு வேண்டியது யூடியூபில் சமையலும் பழைய பாட்டும், கரண்ட் பில் கட்டுவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தது என்னாச்சு என்று பார்ப்பது. தங்கச்சிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கோவிட் காலத்தில் ஆன்லைன் கிளாஸ். இவை அத்தனையும் உலாவிக்குள் முடிகிற வேலை. ஃபயர்ஃபாக்ஸ் திறந்தால் போதும், அதன் அடியில் ஓடுவது என்ன என்று சித்திக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஏழு வருடம் ஆகப்போகிறது. இந்த ஏழு வருடத்தில் அந்த லேப்டாப் சர்வீஸ் கடைக்குப் போகவில்லை, ஒரு தடவை பேட்டரி மாற்றியதைத் தவிர. புதுப்பிப்பு வந்தால் சித்தியே பாஸ்வேர்டு அடித்து முடித்துவிடுகிறார். கேட்டால், "அதுல ஷீல்டு மாதிரி ஒண்ணு வரும், அமுக்கணும், அவ்ளோதான்" என்கிறார்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர் தோற்றார், தெரியாதவர் ஜெயித்தார். ஏன்? சித்திக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. காப்பாற்ற வேண்டிய பழைய கோப்பு இல்லை. அவரிடம் கோப்பு அனுப்பும் பத்திர எழுத்தர் இல்லை. சித்தப்பா தனி ஆள் கிடையாது, அவர் ஒரு சங்கிலியின் கண்ணி. தாலுகா ஆபீஸ், பத்திர ஆபீஸ், அச்சகம், பிரிண்டர், எல்லாம் சேர்ந்த சங்கிலி. ஒரு கண்ணியை மட்டும் மாற்றினால் அறுந்துதான் போகும்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியை இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் இழுக்கும். 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்து வருடம் உழைத்து, சுமார் பதினைந்தாயிரம் கணினிகளை மாற்றி, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தார்கள். 'பணக்கார ஜெர்மனியே தோற்றது' என்பார்கள். அது அலுவலகம்! ஆயிரம் படிவம், ஆயிரம் பழைய மென்பொருள். சித்தப்பா கடையின் பெரிய வடிவம். அதை வைத்து சித்தி வீட்டைப் பற்றி எப்படித் தீர்ப்பெழுத முடியும்?

ஆனால் எங்கள் தரப்பும் யோக்கியமில்லை. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்குப் பிடித்த ஒரு வாதம் உண்டு: 'உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தான், நீங்கள் ஏற்கனவே லினக்ஸ் பயனர்தான்.' கரு லினக்ஸ் என்பது உண்மை. ஆனால் அந்தப் போனில் தேவையில்லாத ஆப் ஒன்றை நீக்கக்கூட நமக்கு அதிகாரம் இல்லாதபோது, அதைச் சுதந்திரத்தின் வெற்றியாக எண்ணிக்கை காட்டுவது என்ன நியாயம்? இன்னொன்று, 'எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது' என்ற பொய். இல்லை. கோரல்டிராவில் பிளெக்ஸ் அடிக்கிறவருக்கு, டேலியில் கணக்கு எழுதுகிறவருக்கு, அவர் ஆடிட்டருக்கு, நம்மிடம் உடனே கொடுக்க எதுவும் இல்லை. 'இல்லைங்க' என்று சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும். நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. பத்து நாள் வருமானம் போயிற்று, என் கொள்கைக்காக, அவர் பணத்தில்.

அப்புறம் அந்தத் தொனி. யாராவது சந்தேகம் கேட்டால், 'முதலில் தேடிப் படித்துவிட்டு வா' என்று விரட்டுவது. சர்வீஸ் கடை அண்ணன் என்னை ஒருநாளும் அப்படி விரட்டியதில்லை. முன்னூறு ரூபாய் வாங்கினார், 'உக்காரு தம்பி' என்றார்.

அரசின் கதைதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. தமிழ்நாட்டுக்கு இந்த வாய்ப்பு ஒரு தடவை அல்ல, பல தடவை வந்தது. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பிளஸ் டூ கணினி அறிவியல் பாடப்புத்தகத்தில் பல வருடம் இருந்தது எம்எஸ் ஆபீஸ் அல்ல, ஸ்டார் ஆபீஸ்! இன்றைய லிப்ரே ஆபீஸின் மூதாதை. நம்மில் எத்தனை பேர் 'மெயில் மெர்ஜ் என்றால் என்ன' என்று ஐந்து மார்க்குக்கு உருப்போட்டிருக்கிறோம்? உருப்போட்டோம், ஆனால் செய்து பார்க்கவில்லை. 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஓபன் ஆபீஸும் உபுண்டுவும் வந்தன. கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். இதற்கு நடுவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு லேப்டாப்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன, பெரும்பாலானவற்றில் ஒரு லினக்ஸோடு. ஐம்பது லட்சம் வீடு! உலகத்தில் எந்த லினக்ஸ் குழு கனவு கண்டிருக்கும்?

கொடுத்தோம், சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. சில வருடத்தில் பள்ளிக் கணினிக் கல்வி முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இப்போது 'கைட்' என்ற அரசு நிறுவனம் பள்ளிக்கென்றே உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸை வெளியிடுகிறது. மலையாளத்தில் பாடம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வே அதில்தான். அங்கே கணக்கு டீச்சருக்கும் அது தெரியும். அதாவது அவர்கள் புளியமரத்தை நட்டார்கள். நாம் வண்டியை மட்டும் கொடுத்தோம், அதுவும் சாவி எது என்று சொல்லாமல்.

'வீட்டுக்காரர்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு? விண்டோஸே இருந்துட்டுப் போகட்டும்' என்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு முடிந்த நாள். விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் உள்ள புதிய செயலியும் வேண்டும். நம் வீடுகளில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்புகளில் அது இல்லை. இரண்டே வழி. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத பெட்டியில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பது, அல்லது நன்றாக ஓடும் பெட்டியை எடைக்குப் போடுவது. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று திண்டிவனத்தில் எந்தக் கடையில் சொல்கிறார்கள்? அதே முன்னூறு ரூபாயை, இப்போது ஐந்நூறாகியிருக்கும், வாங்கிக்கொண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் கடைக்கும் நட்டமில்லை. ஒரு ஐடிஐ பையனுக்கு ஒரு வாரம் பழக்கினால் போதும். 2025-26 பட்ஜெட்டில், இரண்டு வருடத்தில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ கொடுப்போம் என்று அறிவித்தார்கள். விழுப்புரம் அரசுக் கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியிலும் அதை வாங்கும் பிள்ளைகளுக்கு, வாங்கும் நாளில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லட்டும். பிறகு வேண்டாம் என்றால் அழிக்கட்டும். நான் தெரியாமல் அழித்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா கடை விண்டோஸ் 10, திரையின் ஓரத்தில் ஏதோ எச்சரிக்கை. "என்னாப்பா பண்ணலாம்? உன் லினக்ஸ போடலாமா?" என்று அவரே கேட்டார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. வேண்டாம் என்றேன். முதலில் கோப்பு. அந்தப் பழைய பென் டிரைவை வாங்கிக்கொண்டேன். வானவில்லில் இருப்பதை யூனிகோடாக மாற்றும் நிரல் ஒன்றை ஓட்டி, வந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சில இடங்களில் இடம் மாறி வருகின்றன. முதல் நாள் மாட்டியது 2008இல் எங்கள் தாத்தாவுக்காக அவர் அடித்த வாரிசுச் சான்று மனு. புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தது, ஓட்டியதும் ஆயா பெயர் வந்தது, அப்பா பெயர் வந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"'மேற்படி'ல ப்-க்கு புள்ளி உட்டுப் போயிருக்கு பாரு" என்றார்.

அந்த வார்த்தையில் ப்-யே கிடையாது, படி-தான் என்றேன். திரும்ப ஒரு தடவை படித்துவிட்டு, "அப்ப சரியாத்தான் மாத்துது" என்று அடுத்த கோப்பைத் திறக்கச் சொன்னார்.